கணினி உயிரியல்: பட்டத்துக்கு முன்பா, பின்பா?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனைப் பழத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பழத்தை வெட்டினால் வெளியே எண்ணெய் நிறைந்த சதை, உள்ளே ஓடு, ஓட்டுக்குள் பருப்பு. இந்த ஓட்டின் தடிப்பில்தான் பணமே இருக்கிறது. ஓடு தடித்த ரகத்துக்கு டூரா என்று பெயர். ஓடே இல்லாத ரகம் பிசிஃபெரா. ஆனால் அதில் பெரும்பாலும் பழம் பிடிக்காது. இரண்டையும் கலந்தால் கிடைப்பது தெனெரா. இதன் ஓடு மெல்லியது, சதை அதிகம். டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதலாக எண்ணெய் தரும். நம் நாட்டில் விற்பனைக்காக நடப்படுவது இந்தத் தெனெராதான்.

சிக்கல் என்னவென்றால், நாற்றாக இருக்கும்போது மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். மகரந்தச் சேர்க்கையின்போது எங்கோ ஒரு சிறு தவறு நேர்ந்து, தெனெரா நாற்றுகளோடு டூராவும் கலந்துவிட்டால், மரம் வளர்ந்து குலை தள்ளும் வரை யாருக்கும் தெரியாது. நட்ட மரமோ சுமார் 25 ஆண்டுகள் நிலத்தில் நிற்கும். சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருக்கும் ஒருவருக்கு அது 25 ஆண்டு கால நட்டம்.

2013ஆம் ஆண்டில் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள், அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து, செம்பனையின் முழு மரபணுத்தொகுதியை 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 180 கோடி எழுத்துகள் கொண்ட தொகுதி அது. ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணு எது என்பதையும் அதே ஆண்டில் அறிவித்தார்கள். அதற்கு 'ஷெல்' என்றே பெயர் வைத்தார்கள். அந்த மரபணுவில், குறிப்பிட்ட இரண்டு இடங்களில் ஏதேனும் ஒன்றில், ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் இத்தனை வேறுபாட்டுக்கும் காரணம். இன்று நாற்றங்காலில் ஓர் இலைத்துண்டைக் கிள்ளிச் சோதித்தாலே அது எந்த ரகம் என்று சொல்லிவிடலாம். இந்த ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவர் முனைவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. செம்பனை மரத்தடியில் வியர்வை சிந்திய ஒரு சமூகத்தின் பிள்ளைகள் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் நம் பள்ளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது ஐயமே.

180 கோடி எழுத்துகளுக்குள் ஒரே ஓர் எழுத்தை எப்படித் தேடுவது? கண்ணால் முடியாது. நுண்ணோக்கியாலும் முடியாது. கணினியில் நிரல் எழுதித்தான் தேட வேண்டும். ஆனால் எதைத் தேடுவது, எங்கே தேடுவது, கிடைத்தது சரிதானா என்பதை முடிவு செய்ய உயிரியலும் கணிதமும் வேண்டும். இந்த மூன்றும் சேரும் இடத்துக்குத்தான் கணினி உயிரியல் என்று பெயர். பயோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது உயிர்த்தகவலியல், என்ற பெயரிலும் நீங்கள் இதைக் கேள்விப்பட்டிருக்கலாம். இரண்டுக்கும் நுணுக்கமான வேறுபாடு உண்டு என்பார்கள். இப்போதைக்கு அது உங்களுக்குத் தேவையில்லை.

எஸ்பிஎம் முடிவுகள் வரும் காலத்தில் பெற்றோரும் மாணவரும் கேட்கும் கேள்விகளில் அண்மைக் காலமாக இந்தத் துறையின் பெயரும் அடிபடுகிறது. "மருத்துவத்துக்குப் புள்ளிகள் போதவில்லை, இதை எடுக்கலாமா?" என்பது ஒரு கேள்வி. "கணினியும் பிடிக்கும், உயிரியலும் பிடிக்கும், இதிலேயே இளங்கலைப் பட்டம் எடுத்துவிடலாமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: அந்தக் காரணத்துக்காக வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு என் பதில் பலருக்கு ஏமாற்றம் தரலாம்: துறை அருமையானது, ஆனால் பதினெட்டு வயதில் அதன் பெயர்ப்பலகையைத் தேடி ஓடாதீர்கள். ஒரு துறையை முதலில் ஆழமாகப் படியுங்கள். கணினி உயிரியலுக்குள் பட்டத்துக்குப் பிறகு வாருங்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன், இந்த வேலையில் இருப்பவர்கள் நாள் முழுவதும் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

ஒரு பாட்டும் ஆயிரம் மாணவர்களும்

மரபணுத்தொகுதியை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவி கிடையாது. கருவிகள் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வாசிக்கும். அந்தத் துண்டுகளை ஒட்டவைத்து முழுத்தொகுதியை உருவாக்க வேண்டும்.

இப்படி நினைத்துப் பாருங்கள். மிக நீளமான ஒரு பாட்டு. அதை முழுமையாக அறிந்தவர் யாரும் இல்லை. ஆனால் மண்டபத்தில் உள்ள ஆயிரம் மாணவர்களுக்கு, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் மட்டும் நினைவிருக்கின்றன. ஒருவர் சொல்லும் கடைசி நான்கு சொற்கள் இன்னொருவர் சொல்லும் முதல் நான்கு சொற்களாக இருந்தால், அவர்களை அடுத்தடுத்து நிறுத்தலாம். இப்படியே வரிசை பிடித்தால் பாட்டு முழுவதும் கிடைத்துவிடும். எளிதாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் பல்லவி என்று ஒன்று இருக்கிறதே! ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் அதே பல்லவி திரும்ப வரும். பல்லவியின் சொற்களை மட்டும் நினைவில் வைத்திருக்கும் மாணவரை எந்தச் சரணத்துக்குப் பின்னால் நிறுத்துவது? பல்லவி மொத்தம் எத்தனை முறை வந்தது?

மரபணுத்தொகுதியிலும் இதே தொல்லைதான். திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் ஏராளம். மனித மரபணுத்தொகுதித் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்தது என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். உண்மையில் அப்போது ஏறக்குறைய 8 விழுக்காடு வாசிக்கப்படாமலே நின்றது. பெரும்பாலும் இந்தப் 'பல்லவி'ப் பகுதிகள்தான். நீளமான துண்டுகளை வாசிக்கும் கருவிகளும் அவற்றைக் கையாளும் புதிய நிரல்களும் வந்த பிறகு, 2022இல்தான் அந்த இடைவெளிகள் அடைபட்டன.

இது வேலையின் அழகான பக்கம். அழகில்லாத பக்கமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். இந்தத் துறையில் உள்ளவர்களின் நேரத்தில் பெரும்பகுதி தரவுகளைச் சுத்தம் செய்வதிலேயே கழிகிறது. ஒரு மருத்துவமனை ஆண் பெண் என்று எழுதியிருக்கும். இன்னொன்று 1, 2 என்று எழுதியிருக்கும். மூன்றாவது மருத்துவமனையில் 1 என்றால் பெண். இப்படிப்பட்ட குழப்பங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்த பிறகுதான் ஆய்வே தொடங்கும்.

எக்செல் கதையைக் கேளுங்கள். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்பது போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. அவற்றை எக்செலில் தட்டினால், மென்பொருள் அவற்றைத் தேதி என்று நினைத்து மார்ச் முதல் தேதி, செப்டம்பர் 2ஆம் தேதி என்று மாற்றிவிடும். மரபணு மறைந்து நாட்காட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழைகள் இருந்ததாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? மென்பொருளை மாற்ற முடியாமல், மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். 2020இல் பெயரிடும் குழு அதற்கான புதிய விதிகளை வெளியிட்டது. சிரிப்பாக இருந்தாலும், இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டியலைப் பார்த்ததும் "இது மரபணு அல்லவே, தேதி அல்லவா" என்று கண்ணில் படுவதற்கு, அங்கே என்ன இருக்க வேண்டும் என்ற அறிவு முன்கூட்டியே மனத்தில் இருக்க வேண்டும்.

கணிதத்தை விட்டுவிட்டு வராதீர்கள்

படிவம் 4இல் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, "எனக்கு உயிரியல்தான் பிடிக்கும், கூடுதல் கணிதம் எதற்கு?" என்று அதை ஒதுக்கிவிடும் மாணவர்கள் உண்டு. நன்றாக மனப்பாடம் செய்தால் உயிரியலில் தேறிவிடலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. இந்தத் துறையைப் பொறுத்தவரை அது வாசலைத் தாமே சாத்திக்கொள்வது போன்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனிதனிடம் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. நீரிழிவு நோயாளிகள் ஒரு பக்கம், நோயில்லாதவர்கள் மறுபக்கம் என்று வைத்து, ஒவ்வொரு மரபணுவுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று சோதிக்கிறீர்கள். உண்மையில் தொடர்பே இல்லாத ஒரு மரபணு, தற்செயலாகத் தொடர்புள்ளது போல் தோன்றுவதற்கான வாய்ப்பு 100க்கு 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மரபணுவைச் சோதித்தால் இது சின்ன ஆபத்து. 20,000 மரபணுக்களைச் சோதித்தால்? எதற்குமே தொடர்பில்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் 'தொடர்புள்ளவை' என்று உங்கள் திரையில் வந்து நிற்கும்! நிகழ்தகவு தெரியாதவர் அந்த 1,000 மரபணுக்களையும் பார்த்து மகிழ்ந்து கட்டுரை எழுதத் தொடங்கிவிடுவார். தெரிந்தவர் முதலில் அளவுகோலைக் கடுமையாக்குவார்.

நிரல் எழுதுவதை இருபத்தைந்து வயதிலும் கற்றுக்கொள்ளலாம். பலர் கற்றிருக்கிறார்கள். மரபியலின் அடிப்படைகளையும் நல்ல நூல்களைக் கொண்டு பின்னால் கற்கலாம். ஆனால் கணிதத்தில் ஏற்படும் இடைவெளியைப் பின்னால் அடைப்பது, மற்ற இரண்டையும்விடக் கடினம் என்பது என் கருத்து. அது படிப்படியாக ஏறும் பாடம். நடுவில் நான்கு படிகள் இல்லாவிட்டால் ஐந்தாவது படிக்குத் தாவ முடியாது.

யார் எங்கிருந்து வந்தார்கள்?

2024ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இந்தத் துறைக்குத்தான் கிடைத்தது. புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்குப் பாதி. புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் மறுபாதி. இவர்கள் இளங்கலையில் என்ன படித்தார்கள் என்று பாருங்கள். ஹசாபிஸ் கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படித்தார். பின்னர் மூளை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஜம்பர் இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர். பேக்கர் தத்துவம் படிக்கப் போய் உயிரியலுக்குத் திரும்பியவர். இன்னும் பின்னால் போனால், 1965இல் அதுவரை தெரிந்திருந்த புரத வரிசைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டு இத்துறைக்கு அடித்தளமிட்ட மார்கரெட் டேஹாஃப் என்ற பெண்மணி, கணிதத்தில் இளங்கலைப் பட்டம் பெற்று வேதியியலுக்குச் சென்றவர்.

"அவர்கள் காலத்தில் இந்தப் பெயரில் இளங்கலைப் பட்டமே பரவலாக இல்லையே, பிறகெப்படிப் படிப்பார்கள்?" என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. இன்று நம் நாட்டிலும் சில பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே இளங்கலைப் பட்டம் இருக்கிறது. அவை எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் உயிரியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், நிரலாக்கம் எல்லாவற்றையும் திணிக்கும்போது, ஒவ்வொன்றிலும் மேலோட்டமாகக் கொஞ்சம் என்றாகிவிடும் ஆபத்து இருக்கிறது. வேலைக்குப் போகும்போது கணினி நிறுவனம் கணினிப் பட்டதாரியைத் தேடும். ஆய்வகம் உயிர்வேதியியல் பட்டதாரியைத் தேடும். நடுவில் இவர் நிற்பார்.

ஆகவே, அப்படி ஒரு பட்டப்படிப்பு உங்கள் கண்ணில் பட்டால், பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புள்ளியியல் எத்தனை பருவங்கள் கற்பிக்கிறார்கள்? ஆய்வகத்தில் கையால் செய்யும் வேலை உண்டா? ஏற்கெனவே உள்ள மென்பொருளை இயக்கக் கற்பிக்கிறார்களா, அல்லது அந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கற்பிக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் முக்கியம். மென்பொருளை இயக்க மட்டும் தெரிந்தவருக்கு, அந்த மென்பொருள் பழையதாகும் நாளில் அவருடைய படிப்பும் பழையதாகிவிடும்.

அப்படியென்றால் உயிரியலை முதலில் படிப்பதா, கணினியை முதலில் படிப்பதா? எதன்மேல் உங்களுக்கு உண்மையான ஆசையோ அதைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் இரண்டு வழியிலும் போனவர்கள் இருக்கிறார்கள், இரண்டு வழியிலும் குழிகள் இருக்கின்றன. கணினி படித்துவிட்டு வருபவர்களுக்கு உயிரியலின் ஒழுங்கின்மை எரிச்சலூட்டும். எல்லா விதிகளுக்கும் விதிவிலக்கு உண்டு. ஒரே நோயாளியின் இரத்தத்தைக் காலையில் எடுத்தால் ஒரு முடிவு, மாலையில் எடுத்தால் வேறு முடிவு. மாதிரியை யார், எப்போது, எப்படி எடுத்தார்கள் என்று கேட்காமல் நேராக நிரல் எழுதப் போகிறவர்கள் பெரிய தவறுகளில் மாட்டிக்கொள்வார்கள். உயிரியல் படித்துவிட்டு வருபவர்கள் நல்ல கேள்விகளைக் கேட்பார்கள், ஆனால் கணிதத்தில் தடுமாறுவார்கள். அதனால்தான் மேலே கூடுதல் கணிதத்தைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடாதா?

இந்தக் கேள்வியை இப்போது கேட்காத மாணவர் இல்லை. நிரலைக் கூட அதுவே எழுதித் தருகிறது. புரதத்தின் வடிவத்தையும் அதுவே சொல்கிறது. பிறகு நாங்கள் எதற்கு?

ஆல்ஃபாஃபோல்ட் செய்தது சாதாரண வேலை அல்ல. ஒரு புரதத்தின் வடிவத்தை ஆய்வகத்தில் கண்டறிய மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் ஆகும். 2022இல் ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் இடம்பெற்றன. ஆனால் அந்த நுண்ணறிவு யாரிடமிருந்து கற்றது? 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியிலிருந்து. உலகெங்கும் ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, யாருக்கும் இலவசம் என்று போட்டுவைத்த வடிவங்கள் அவை.

இங்கே சென்னைக்கு ஒருமுறை போய் வர வேண்டும். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜி. என். இராமச்சந்திரன், தம் சகாக்கள் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி இரண்டு கோணங்களில் சுழலக்கூடியது. ஆனால் எல்லாக் கோணங்களும் அதற்குச் சாத்தியமில்லை, அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம், எவை சாத்தியமில்லை என்பதைக் கணக்கிட்டு ஒரு சதுரத்துக்குள் வரைந்து காட்டினார்கள். இன்று இராமச்சந்திரன் வரைபடம் என்றால் உலகில் புரதம் படிக்கும் எவருக்கும் தெரியும். ஒரு புரத வடிவம், மனிதர் கண்டறிந்ததோ இயந்திரம் கணித்ததோ, நம்பத்தகுந்ததா என்று பார்க்க இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

இயந்திரம் பதிலைத் தரும். அந்தப் பதில் இயற்கையில் நடக்கக்கூடியதா என்று கேட்பவர் ஒருவர் வேண்டும். ஆல்ஃபாஃபோல்ட்டே தன் கணிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நம்பிக்கை என்று ஒரு மதிப்பெண் போட்டுத் தருகிறது. அதைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறு நம்முடையது. என் கணிப்பு இது: நிரலைத் தட்டச்சு செய்யும் வேலை குறையும், சரிபார்க்கும் வேலை கூடும். சரிபார்க்க ஆழமான அறிவு வேண்டும். ஒரு துறையிலாவது ஆழமாகப் போங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் எழுத்துகள் எங்கே?

2019இல் 'செல்' ஆய்விதழில் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த 4,810 பேரின் முழு மரபணுத்தொகுதிகளை வாசித்து ஒப்பிட்ட ஆய்வு அது. அவர்களில் 2,780 பேர் சீனர்கள், 903 பேர் மலாய்க்காரர்கள், 1,127 பேர் இந்தியர்கள். உலகில் இதுவரை நடந்த மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்களின் அருமை புரியும்.

இதனால் நமக்கு என்ன? ஒருவரின் மரபணுக்களைப் பார்த்து அவருக்கு இதய நோயோ நீரிழிவோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஐரோப்பியர்களின் தரவுகளைக் கொண்டு உருவாக்கிய கணிப்புகள் மற்ற இனத்தவருக்கு அதே அளவு சரியாக வருவதில்லை. மார்பகப் புற்றுநோய் தொடர்பான மரபணுச் சோதனையில் "இந்த மாற்றம் ஆபத்தானதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை" என்ற பதில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கே அதிகம் கிடைக்கிறது. அவர்களுடைய எழுத்துகளைப் போதிய அளவு யாரும் வாசித்து ஒப்பிடாததே காரணம். நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சமூகத்தின் தரவுகளைச் சேகரிப்பதற்கும், அவற்றை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று விழிப்போடு கேள்வி கேட்பதற்கும், உள்ளேயிருந்து சிலர் வர வேண்டாமா? வெளிநாட்டு நிறுவனம் வந்து செய்து தரும் என்று காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் சமூகத்துக்காக நீங்கள் இந்தத் துறைக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டு, சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் போவது சரியாகாது. மலேசியாவில் இந்தப் பெயரில் உள்ள வேலைகள் இன்னும் குறைவுதான். இளங்கலைப் பட்டத்தோடு வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஆய்வு உதவியாளர், தரவுப் பகுப்பாய்வாளர் போன்ற பணிகளே கிடைக்கும்; அவற்றிலும் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. சொந்தமாக ஆய்வை வழிநடத்த முதுகலை, முனைவர் பட்டங்கள் வேண்டும். இளங்கலைக்குப் பிறகு இன்னும் ஐந்து ஆறு ஆண்டுகள் உதவித்தொகையில் வாழ வேண்டியிருக்கும். வீட்டுக்கு மூத்த பிள்ளையாக இருந்து, பிடிபிடிஎன் கடனும் தலைக்குமேல் நிற்க, தம்பி தங்கையின் படிப்புக்கும் பணம் அனுப்ப வேண்டிய ஒருவருக்கு இது எளிய முடிவல்ல. எல்லையைத் தாண்டினால் சிங்கப்பூரில் பயோபொலிஸ் ஆய்வு வளாகமும் அங்குள்ள மரபணுத்தொகுதிக் கழகமும் இருக்கின்றன. போட்டியும் அங்கே கடுமையாக இருக்கும்.

இதனாலும்தான் முதல் பட்டம் தனித்து நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறேன். புள்ளியியலோ கணினி அறிவியலோ படித்தவர், குடும்ப நிலைமை காரணமாக இரண்டு மூன்று ஆண்டுகள் வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ வேலை பார்த்துவிட்டு, பிறகு முதுகலைக்கு வரலாம். உயிர்வேதியியல் படித்தவர் மருத்துவமனை ஆய்வகத்தில் சேர்ந்துகொண்டே மாலை நேரத்தில் நிரலாக்கம் கற்கலாம். தாமதமாக வந்தார் என்று இந்தத் துறையில் யாரும் யாரையும் குறைவாகப் பார்ப்பதில்லை. எல்லோரும் எங்கோ வேறு இடத்திலிருந்து வந்தவர்கள்தாம்.

மருத்துவம் கிடைக்காத வருத்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் ஆக வேண்டும் என்ற உங்கள் ஆசை நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசி, கையைப் பிடித்து ஆறுதல் சொல்வதில் இருந்தது என்றால், இந்த வேலை உங்களை வாட்டிவிடும். இங்கே நோயாளி உங்களுக்கு ஒரு எண்ணாகத்தான் வருவார். தாதிமையோ இயன்மருத்துவமோ உங்கள் மனத்துக்கு நெருக்கமாக இருக்கலாம். புதிர் அவிழ்ப்பதில் ஆசை, விடை கிடைக்காமல் மூன்று வாரம் உட்காரப் பொறுமை, நாலாவது வாரம் தன் விடையையே சந்தேகிக்கும் குணம், இவை இருப்பவர்களுக்கு இது ஏற்ற இடம்.

உங்களுக்கு அந்தக் குணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சென் செலவில்லை. ரோசலிண்ட் என்ற இலவசத் தளம் இருக்கிறது. டிஎன்ஏ ஆய்வுக்குப் பங்களித்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் நினைவாகப் பெயரிடப்பட்டது. அதன் முதல் பயிற்சிகளில் ஒன்று, கொடுக்கப்பட்ட டிஎன்ஏ வரிசையில் ஏ, சி, ஜி, டி ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரல் எழுதுவது. பைத்தானில் பத்து வரிகூட வேண்டாம். போகப்போகக் கடினமாகும். பல்லவிச் சிக்கலும் அங்கே வரும்.

அதைவிடச் சுவையான ஒன்றை இந்தப் பள்ளி விடுமுறையில் செய்து பாருங்கள். நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினைத்தான் ஊசியாகப் போட்டார்கள். அது வேலை செய்ததற்குக் காரணம், அவை மனித இன்சுலினை ஏறக்குறைய அப்படியே ஒத்திருப்பது. மொத்தம் 51 அமினோ அமிலங்களில் பன்றிக்கு ஒன்றும் மாட்டுக்கு மூன்றும் மட்டுமே வேறு. யுனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் மூன்று இன்சுலின்களின் வரிசைகளையும் இலவசமாக எடுக்கலாம். எடுத்து, எந்தெந்த இடங்களில் வேறுபடுகின்றன என்று காட்டும் ஒரு சிறு நிரலை எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தரவுத்தளத்தில் மனித இன்சுலின் 51 அமினோ அமிலங்களாக இருக்காது, 110 இருக்கும். உடல் முதலில் நீளமான ஒரு முன்வடிவத்தைத் தயாரித்து, பிறகு தேவையற்ற பகுதிகளை வெட்டிவிடுகிறது. 25 முதல் 54 வரை ஒரு சங்கிலி, 90 முதல் 110 வரை இன்னொரு சங்கிலி. இரண்டும் சேர்ந்ததுதான் உண்மையான இன்சுலின். பன்றிக்கும் மாட்டுக்கும் இந்த இட எண்கள் சற்று மாறும். அவற்றின் பக்கங்களிலேயே குறித்திருப்பார்கள். இதைக் கவனிக்காமல் முழு வரிசைகளையும் அப்படியே ஒப்பிட்டால் உங்கள் நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஓடும். ஆனால் வேறுபாடுகள் பல மடங்கு கூடுதலாக வந்து நிற்கும். சரியாக வெட்டி ஒப்பிட்டவர்களுக்கு வர வேண்டிய விடை: பன்றிக்கு ஓரிடம், ஒரு சங்கிலியின் கடைசி எழுத்து, மாட்டுக்கு அதே இடமும், மற்றச் சங்கிலியில் இன்னும் இரண்டும்.